ஆஸ்கர் முழங்காலிட்ட ஞாயிறு

1

போன வாரம் என் கைபேசிக்கு ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவர் கீரனூர்க்காரர். என்னோடு பள்ளியில் படித்த ஒருவனுக்குச் சகலை. அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. வீடியோவில் ஒரு குட்டை நாய் முன்னங்கால்களை நீட்டித் தரையில் பதித்து, நெஞ்சைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு, மாதா சுரூபத்துக்கு முன்னால் அசையாமல் நிற்கிறது. பின்னால் ஒரு பெண் குரல் மூவேளை ஜெபம் சொல்கிறது. அடியில் யாரோ இப்படி எழுதியிருந்தார்கள்: "இந்த வாயில்லா ஜீவனுக்கு இருக்கும் பக்தி நமக்கு உண்டா? தவக்காலத்தில் இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள். நல்ல செய்தி வரும்."

நான் யாருக்கும் அனுப்பவில்லை. ஏனென்றால் வீடியோவின் இடது ஓரத்தில் நீலக் கட்டம் போட்ட லுங்கி ஒன்றும் அதிலிருந்து இறங்கும் இரண்டு கால்களும் தெரிகின்றன. லுங்கி திண்டுக்கல்லில் வாங்கியது. கால்கள் என்னுடையவை. குரல் என் அக்காவுடையது. நாயும் எங்கள் நாய்தான்.

போன வருடத் தவக்காலத்தில் ஜெர்மனியில் எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து புறப்பட்ட வீடியோ அது. திண்டுக்கல் போய், அகரம் போய், கொடைரோடு போய், பழனிப் பக்கம் வரை சுற்றிவிட்டு, பெற்றவனிடமே திரும்பி வந்திருக்கிறது. வழியில் எத்தனை பேர் கைகூப்பினார்களோ தெரியாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்புள்ளவர்களே, அந்த நாய் ஜெபம் செய்யவில்லை. அதற்கு வயிற்றுவலி. வலிக்க வைத்தவர்கள் நாங்கள்.

2

நாயின் பெயர் ஆஸ்கர். இனம் யார்க்ஷயர் டெரியர். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மட்டை உரித்த தேங்காய் ஒன்றைக் குடுமியோடு எடுத்து, நாரைச் சீப்பால் வாரிவிட்டு, இரண்டு கண் வைத்தால் அதுதான் ஆஸ்கர். எடைக்கு இன்னும் மூன்று நான்கு தேங்காய் சேர்த்துக்கொள்ளலாம். முதன்முதலில் வீடியோ அழைப்பில் காட்டியபோது திண்டுக்கல்லில் இருக்கும் என் நண்பன் பிரான்சிஸ் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏலே, தலைய மட்டும் காட்டுற. முழுசாக் காட்டுடா" என்றான். முழுதும் அவ்வளவுதான் என்றேன்.

அகரத்தில் என் மாமா தோட்டத்தில் ஒரு கோம்பை நாய் இருந்தது. அதற்கு யாரும் பல் தேய்த்துவிட்டதில்லை. அதன் பல்லைப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை பார்க்க நின்றதுமில்லை. அந்தத் தோட்டத்தில் வளர்ந்த நான், இங்கே தினமும் காலையில் கோழிக்கறி வாசம் அடிக்கும் பற்பசையை விரலில் எடுத்துக்கொண்டு ஒரு நாயின் பின்னால் கட்டிலுக்கடியில் தவழ்கிறேன். இந்த இனத்துக்குப் பல் சீக்கிரம் கெட்டுவிடுமாம். முடி மனிதத் தலைமுடி மாதிரி நிற்காமல் வளரும். தினமும் சீவாவிட்டால் சிக்குப் பிடிக்கும். கண்ணில் விழாமல் உச்சியில் சேர்த்து ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். மூச்சுக்குழாய் மென்மையானது, கழுத்தில் பட்டை கட்டி இழுக்கக் கூடாது, நெஞ்சைச் சுற்றித்தான் கட்ட வேண்டும். குளிருக்குச் சட்டை வேறு. என் மகளுக்குச் சின்ன வயதில் தலை பின்னிவிட்டது முழுக்க அவள் அம்மாதான். எனக்கு அந்த வித்தை ஐம்பது வயதுக்கு மேல் நாய் மூலமாகக் கைவந்தது.

உருவத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இவனுடைய முன்னோர்கள் இங்கிலாந்து ஆலைகளில் எலி பிடித்தவர்கள். அந்த ரத்தம் அப்படியே இருக்கிறது. பார்சல் கொண்டுவருகிறவர், குப்பை லாரி, தெருமுனையில் திரும்பும் டிராக்டர், யாரையும் விட மாட்டான். ரப்பர் வளையம் போட்ட ரவுடி.

நாங்கள் இருக்கும் மாநிலத்தில் நாய் வளர்க்க நாய்க்குத் தகுதி தேவையில்லை, மனிதனுக்கு வேண்டும். எழுத்துத் தேர்வு ஒன்று, செய்முறைத் தேர்வு ஒன்று. குழந்தை பெற்றுக்கொண்டபோது என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நாயைக் கேட்டு அடம்பிடித்த மகள் ஜெனிக்கு அப்போது தேர்வு எழுதும் வயது வரவில்லை. எனவே எழுதியது நான்.

செய்முறைத் தேர்வில் நாயை உட்காரச் சொல்லும்படி தேர்வாளர் அம்மா கேட்டார். எனக்கு ஜெர்மன் வகுப்பில் முதலில் ஏற்றியது மரியாதைப் பேச்சைத்தான். பதற்றத்தில் அதுதான் வந்தது. "தயவுசெய்து அமருங்கள்" என்று ஆஸ்கரிடம் விண்ணப்பித்துக்கொண்டேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மரத்தடிக்குப் போனான். இரண்டாம் முறையும் அமரும்படி வேண்டினேன். மூன்றாம் முறை பொறுக்க முடியாமல், "ஏலே, உக்காரு" என்றேன். சட்டென்று உட்கார்ந்தான். இது என்ன மொழி என்று அந்த அம்மா கேட்டார். வீட்டு மொழி என்றேன். அவர் சிரித்து, தேறியதாகப் போட்டுவிட்டார்.

அதன் பிறகு நகராட்சிக்கு நாய் வரி. கட்டியதற்கு அத்தாட்சியாக ஒரு தகர வில்லை வந்தது. அது ஆஸ்கரின் நெஞ்சில் தொங்கியதைப் பார்த்து, உங்களுக்கு முந்தி அவனுக்கு இந்த நாட்டில் ஒரு இடம் கிடைத்துவிட்டது என்றாள் என் மனைவி ஸ்டெல்லா. அப்போது என் குடியுரிமை மனு எந்த மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது.

3

ஜெனி பள்ளி முடித்து, ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு நகரத்துக்குப் படிக்கப் போனாள். நாயை அங்கே வைத்துக்கொள்ள வசதி இல்லை. எங்களிடம் விட்டுப் போனாள். "பாத்துக்கோங்கப்பா" என்று சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்துத்தான் கலங்கினாள் என்று நினைத்து நானும் கண்ணைத் துடைத்தேன். பிறகுதான் கவனித்தேன், பார்வை என் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அழைப்பாள். திரையில் என் முகம் தெரிந்ததும், "அப்பா, கேமராவத் திருப்புங்க" என்பாள். திருப்புவேன். ஆஸ்கர் தெரிவான். பேச்சு நடக்கும். அவர்கள் ஜெர்மனில் பேசிக்கொள்வார்கள். முடிந்ததும் எனக்கு ஒரு "பை" கிடைக்கும். மாதம் ஒருமுறை நேரில் வருவாள். கதவைத் திறந்ததும் தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்கர் முகம் முழுக்க நக்கி முடிக்கும் வரை நானும் ஸ்டெல்லாவும் கோயில் வாசலில் வரிசையில் நிற்பது போல நிற்போம். பிறகு எங்கள் முறை வரும்.

இங்கிருக்கும் நம்மவர் வீடுகளில் பிள்ளைகள் நழுவிப்போவதைப் பார்த்திருக்கிறேன். சண்டை, சத்தம் ஒன்றும் இருக்காது. முதலில் தமிழ் குறையும், பிறகு அழைப்பு குறையும், பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்துப்படம் வரும். ஒரு நண்பர் தன் மகனுடைய பிறந்தநாள் விருந்துக்கு மகனிடமே நேரம் வாங்கிக்கொண்டு போனார். எனவே எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது. ஜெனியை இந்த வீட்டோடு கட்டி வைத்திருக்கும் கயிறு ஆஸ்கர்தான். அவன் இருக்கும் வரை அவள் வருவாள். அவன் இல்லாவிட்டால்? இந்தக் கேள்வியை நானும் ஸ்டெல்லாவும் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொண்டதில்லை. பதிலாக இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு நாயைக் கவனித்தோம்.

4

போன வருடம் பிப்ரவரியில் லூர்து அக்கா வந்தாள். என் உடன்பிறந்தவள், திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மூன்று மாத விசா. பெட்டியில் பாதி இடம் நெத்திலிக் கருவாடு, மீதி இடம் ஜெபப் புத்தகம். அவளுக்கு விசா வாங்க நான் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். ஒரே ஒரு கேள்வியை மட்டும் சொல்கிறேன்: திரும்பிப் போவாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இங்கே அடிக்கும் குளிர்தான் என்று பதில் எழுதத் தோன்றியது. எழுதவில்லை.

அக்காவுக்கு ஆஸ்கர் என்ற பெயர் பிடிக்கவில்லை. அது ஒரு புனிதரின் பெயரா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "அப்ப ஆசீர்வாதம்னு வைப்போம்" என்றாள், பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் பெயரைத் திருத்துகிற மாதிரி. ஒரே வாரத்தில் அவன் இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்த்தான். பூங்காவில் எல்லோரும் தங்கள் நாய்களை மாக்ஸ், லூனா என்று கூப்பிட, குல்லாவும் கம்பளிக் கோட்டும் போட்டுச் சேலை கட்டிய என் அக்கா, "ஏலே ஆசீர்வாதம், சேத்துல எறங்காத" என்று வகுப்பறைக் குரலில் கூப்பிட்டாள். ஆஸ்கர் மட்டுமல்ல, பக்கத்து நாய்களும் சேற்றில் இறங்காமல் நின்றன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் நாம் சாப்பிடும்போது யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வோம்? ஒரு வாய் கொடுத்துவிடுவோம். கொடுக்காவிட்டால் கண்பட்டு வயிறு வலிக்கும். கொடைரோட்டில் ரயில் ஏறிப் பொட்டலத்தைப் பிரித்தால், எதிர் இருக்கைக் குழந்தைக்குக் கொடுத்த பிறகுதான் நமக்குத் தொண்டையில் இறங்கும். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் உடன் வேலை பார்ப்பவன் ஒருவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ரொட்டியைத் தின்றான். சாப்பிடுகிறாயா என்று கேட்பான், வேண்டாம் என்று சொல்லலாம் எனக் காத்திருந்தேன். கடைசித் துண்டு வரை கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவனுக்கு வயிறு வலித்திருக்கும் என்று நம்பினேன். இன்றுவரை கல்லாட்டம் இருக்கிறான்.

இதை அன்பு என்று நம் ஆட்கள் மேடையில் சொல்வார்கள். அன்பெல்லாம் இல்லை, பயம். அதிலும் கண்ணுக்குக் கண் வித்தியாசம் உண்டு. ஊரில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த பவுனம்மா அடுப்படி வாசலில் நின்று நாங்கள் சாப்பிடுவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். அவர் கண்ணுக்குப் பயந்து யாரும் ஒரு வாய் நீட்டியதில்லை. எல்லோரும் கை கழுவிய பிறகுதான் அவருக்கு. சில கண்கள் படும், சில கண்கள் படாது என்று வீட்டுக்குள் ஒரு ஏற்பாடு இருந்திருக்கிறது. ஆஸ்கருக்கு அதிர்ஷ்டம், படுகிற கண் வரிசையில் பிறந்துவிட்டான்.

அந்தக் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். குலைக்க மாட்டான், தாவ மாட்டான். தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, இமைக்காமல் பார்ப்பான். பார்வை சோற்றிலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் கூடவே பயணம் செய்யும். அளந்து வைத்த தீனி தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்பது ஜெனியின் உத்தரவு. நாங்கள் அதை மதித்தோம். ஒரு வாய் தவிர எதுவும் கொடுக்கவில்லை.

அக்கா வந்த பிறகு அவனை அடுத்த அறையில் விட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்திப் பார்த்தேன். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான். அக்கா சோற்றைப் பிசைந்தாள், நிறுத்தினாள்.

"கதவத் தொறலே. எனக்கு எறங்கல."

"கண்ணாடி இருக்குல்லக்கா."

"கண்ணாடி போட்டாக் கண்ணு கண்ணில்லாமப் போயிருமா? நீயுந்தான் போட்டிருக்க."

கதவைத் திறந்தேன். ஒரு வாய் போனது.

5

சாம்பல் புதன் வந்தது, தவக்காலம் தொடங்கியது. இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்கர் தன் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மத்தியானமும் தொடவில்லை.

எனக்குச் சின்னதாக ஒரு கவலை வந்தது. அதை அக்கா உடனே தீர்த்து வைத்தாள். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஆசீர்வாதம் ஒருசந்தி இருக்கான். நீ காலையில மூணு இட்லிய முழுங்கிட்டு மத்தியானத்துக்கு என்ன வெஞ்சனம்னு கேக்குற. அதப் பாத்துக் கத்துக்க." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாய் உபவாசம் இருக்கிற வீட்டில் நான் மட்டும் மீன் வறுவல் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை ஒரு மூலையில் மஞ்சள் தண்ணீராகக் கக்கியிருந்தான். புல்லைத் தின்றிருப்பான் என்று துடைத்துவிட்டேன். வெறும் வயிற்றில் இருந்தால் பித்தம்தானே வரும் என்றாள் ஸ்டெல்லா. எல்லோரிடமும் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருந்தது. மூன்று பேரும் படித்தவர்கள்.

ஞாயிறு பன்னிரண்டு மணி. அக்கா கைபேசி அலாரம் வைத்து மூவேளை ஜெபம் சொல்கிறவள். சுரூபத்துக்கு முன்னால் முழங்காலிட்டுத் தொடங்கினாள். ஆஸ்கர் மெதுவாக எழுந்து வந்தான். அக்காவுக்குப் பக்கத்தில் நின்றான். முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்தான். பின்பக்கம் உயர்ந்தே இருந்தது. அப்படியே நின்றான். அக்காவின் குரல் தழுதழுத்தது. ஸ்டெல்லா கைபேசியை எடுத்துப் படம் பிடித்தாள். நான் லுங்கியைச் சரிசெய்துகொண்டு பயபக்தியோடு ஓரத்தில் நின்றேன், படத்துக்குள் விழுகிறேன் என்று தெரியாமல்.

ஊர்க் குடும்பக் குழுவில் போட்டோம். அடுத்த நிமிடமே மழை. கைகூப்பிய படங்கள், ஆமென்கள், மெழுகுவர்த்திகள். எங்கள் பங்குக் கோயிலில் பாடகர் குழு நடத்தும் அண்ணன் ஒருவர், இந்த நாயின் பெயருக்கு ஒரு பூசை வைக்கலாமா என்று கேட்டார். பிரான்சிஸ் மட்டும், "வளக்கிறவனுக்கு இல்லாத பக்தி இதுக்கு எங்கிருந்து வந்துச்சு?" என்று எழுதியிருந்தான். பெருமையில் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஜெனியும் அந்தக் குழுவில் இருக்கிறாள். அதில் வருவது எதையும் அவள் பார்ப்பதில்லை. அன்று பார்த்தாள். அழைத்தாள். நான் வழக்கம்போலக் கேமராவைத் திருப்பப் போனேன்.

"அப்பா, திருப்பாதீங்க. என்னப் பாருங்க. எம்புட்டு நேரமா அப்டி நிக்கிறான்?"

"ஜெபம் முடிஞ்சும் எந்திரிக்கல பாப்பா. அம்புட்டு உருக்கம்."

"சாப்ட்டானா?"

"வெள்ளிக்கிழமையிலருந்து ஒருசந்தி" என்றேன். சொல்லும்போதே அந்த வாக்கியம் என் காதுக்கே நன்றாகப் படவில்லை.

ஜெனி கத்தவில்லை. அவள் கத்தியிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்தேன். "அது ஜெபம் இல்லப்பா. நாய்க்கு வயிறு தாங்க முடியாம வலிச்சா அப்டித்தான் நிக்கும். இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. நான் ரயில் ஏறுறேன்."

கோட்டுக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கார்க் கண்ணாடியில் பார்த்தபோதுதான் இன்னும் லுங்கியில் இருப்பது தெரிந்தது. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அவன் என் நெஞ்சில் நடுங்கிக்கொண்டே இருந்தான். தெருமுனையில் ஒரு டிராக்டர் திரும்பியது. ஆஸ்கர் குலைக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உண்மையில் பயம் வந்தது.

6

கணையம் வீங்கியிருக்கிறது என்றார் மருத்துவர் அம்மா. கொழுப்பு ஒத்துக்கொள்ளாத இனம், அதிலும் அளவுக்கு மேல் எடை. ஊசியில் மருந்தேற்றினார்கள். இந்த நோயில் பிழைப்பதும் உண்டு, பிழைக்காமல் போவதும் உண்டு, இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். காத்திருக்கும் அறையில் அக்கா ஜெபமாலையை எடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பைக்குள் வைத்துவிட்டாள்.

ஜெனி வந்து சேர்ந்தாள். மருத்துவர் எங்கள் நான்கு பேரையும் உட்கார வைத்து, நாய்க்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டார். அளந்த தீனி மட்டும் என்றேன் நான். ஆமாம் என்றாள் ஸ்டெல்லா. அக்காவுக்கு ஜெர்மன் தெரியாது, ஆனால் கேள்வி புரிந்தது. அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அப்படியென்றால் இந்த எடை எங்கிருந்து வந்தது என்றார் மருத்துவர். அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் அக்காதான் வாயைத் திறந்தாள். "மத்தியானம் ஒரு வாய் குடுப்பேன். அவ்வளவுதான். நெய்ச்சோறு."

"ராத்திரி தோசை ஊத்துறப்ப நானும் ஒரு வாய்" என்றாள் ஸ்டெல்லா. "காலையில வடை."

நான் வேலையிலிருந்து வந்து டீயோடு தின்கிற எல்லாவற்றிலும் ஒரு வாய் உண்டு என்று ஒப்புக்கொண்டேன். மிக்சர், முறுக்கு, ஞாயிறு ஆனால் கறியில் கொழுப்புத் துண்டு. மூன்று பேரின் ஒரு வாயும் சேர்ந்தால் எவ்வளவு என்பது எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது. வாகன உதிரிபாகங்களில் முடியளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. சம்பளமே அதற்குத்தான். என் வீட்டில், முடிக்கு அடியில் ஒரு வயிறு உருண்டு திரண்டதை நான் கண்டுபிடிக்கவில்லை.

வெங்காயமும் நாய்க்கு விஷம் என்று மருத்துவர் சொன்னதை ஜெனி சொன்னபோது அக்கா நம்பவில்லை. திண்டுக்கல் வெங்காய மார்க்கெட்டில் மூட்டைக்கு நடுவில் படுத்துக் கிடக்கிற நாய்களெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஜெனி அதை மொழிபெயர்க்கவில்லை.

ஆனால் ஏன் கொடுத்தீர்கள் என்று மருத்துவர் விடாமல் கேட்டதை அவளால் தவிர்க்க முடியவில்லை. என் மகள், ஜெர்மனியில் பிறந்தவள், எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு விளக்கினாள். இவர்கள் ஊரில், சாப்பிடும்போது யாராவது பார்த்தால் வயிறு வலிக்கும் என்று நம்புவார்கள், அதனால் பார்க்கிறவருக்கு ஒரு வாய் கொடுத்துவிடுவார்கள் என்றாள். "இவர்கள் ஊரில்" என்றதை நான் கவனித்தேன்.

மருத்துவர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார். எனக்கு ஜெர்மனிலேயே புரிந்துவிட்டது. இருந்தாலும் ஜெனி அதை அக்காவுக்காகத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"உங்க வயிறு வலிக்கக் கூடாதுன்னு, அவன் வயித்த வலிக்க வச்சுட்டீங்களாம்."

"நாங்க என்னம்மா விஷமா வச்சோம்?" என்றாள் அக்கா.

"ஆமா அத்தை."

ஆஸ்கர் பிழைத்துக்கொண்டான். நான்காம் நாள் முன்காலில் முடி மழித்த இடத்தில் கட்டோடு வெளியே வந்தான். முதல் காரியமாக வாசலில் நின்ற ஆம்புலன்ஸைப் பார்த்துக் குலைத்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெனி அவனைத் தூக்கிக்கொண்டாள். தோழிகள் இருவரோடு சேர்ந்து நாய் வைத்துக்கொள்ள அனுமதி உள்ள வீடு ஒன்றைப் பார்த்துவிட்டதாகவும், அவனைக் கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னாள்.

இனிமேல் ஒரு பருக்கை கொடுக்க மாட்டோம் என்றேன். "குடுப்பீங்கப்பா" என்றாள், கோபமே இல்லாமல். "ஒரு வாய்தான் குடுப்பீங்க."

வீட்டுக்கு வராமலே, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நேராக ரயிலுக்குப் போனார்கள். கயிறு அவள் கையில் இருந்தது.

7

அதன் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம். யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் இறங்கவுமில்லை.

காலையில் கால்கள் பழக்கத்தில் பூங்காவுக்குப் போயின. தினமும் வணக்கம் சொல்லும் ஒருவர்கூட என்னை அடையாளம் காணவில்லை. அவர்களுக்கு என் பெயர் தெரியாது, ஆஸ்கரின் அப்பா என்றுதான் தெரியும். நாயோடு நடக்கும் கறுத்த மனிதன் அக்கம்பக்கத்துக்காரன். நாய் இல்லாமல் ஒவ்வொரு புதருக்கும் பக்கத்தில் நின்று நின்று நடக்கும் கறுத்த மனிதன் வேறு. ஒரு கிழவி கைப்பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். மறுநாள் முதல் போகவில்லை.

ஞாயிறு அழைப்பும் நின்றது. ஜெனியைக் குறை சொல்ல மாட்டேன். கேமராவைத் திருப்பிக் காட்ட எங்களிடம் என்ன இருந்தது? அவளே அவ்வப்போது படங்கள் அனுப்பினாள். இளைத்திருந்தான், அழகாக இருந்தான். நாங்கள் இதயம் போட்டு அனுப்பினோம். ஸ்டெல்லா ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நம்மகிட்ட வந்து போக அவளுக்கு இனி என்னங்க இருக்கு" என்றாள். அதுவரை நாங்கள் கேட்டுக்கொள்ளாத கேள்வி. நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் வீட்டில் என் உத்தியோகம். அன்று தண்ணீர் எடுக்க எழுந்து போனேன்.

ஈஸ்டருக்கும் ஜெனி வரவில்லை. தேர்வு என்றாள். அக்கா ஊருக்குப் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு, ஒரு ஞாயிறு மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். பழக்கத்தில் முதலில் தரையைப் பார்த்தேன். ஒரு ஜோடி காலணி. அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். படிக்கட்டு காலியாக இருந்தது.

"அவன் வரலப்பா. நான் மட்டுந்தான். உள்ள விடுவீங்களா?"

எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாயா பாப்பா என்று அக்கா அடுப்படியிலிருந்து கேட்டாள். நாயின் குளிர்ச்சட்டையாக இருக்கும் என்று ஸ்டெல்லா எடுத்துவர ஓடினாள்.

"இல்ல அத்தை. சும்மா வந்தேன்."

இந்த நாட்டில் யாரும் சும்மா வருவதில்லை. பல் பிடுங்கவும் பாட்டி வீட்டுக்குப் போகவும் தேதி வாங்க வேண்டும். மூன்று மணி நேரம் ரயிலில் சும்மா வந்திருந்தாள். நாயைத் தோழியிடம் விட்டுவிட்டு வந்தாளாம். கூட்டிவந்தால் மூன்று பேரும் சேர்ந்து கெடுத்துவிடுவோமாம். தரையில் உட்கார்ந்து கட்டிக்கொள்ள யாரும் இல்லாததால் நேராக எங்களிடம் வர வேண்டியிருந்தது. எங்களுக்கும் வரிசையில் நின்றுதான் பழக்கம், என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவள் பையை வாங்கக் கையை நீட்டினோம்.

எலும்புக் குழம்பு, கத்தரிக்காய் வெஞ்சனம். ஜெனி கரண்டி கேட்கவில்லை, கையால் பிசைந்தாள். பசியோடு வந்திருப்பாள் போல, குனிந்த தலை நிமிரவில்லை. தாடை கொஞ்சம் ஒட்டியிருந்தது. தலைமுடியை வெட்டியிருந்தாள், எப்போது வெட்டினாள் என்று தெரியவில்லை. படங்களில் நாய்தானே இருந்தது. ஸ்டெல்லா என் தட்டில் சோறு போட்டது தெரியும். நான் கை வைக்கவில்லை. ஜெனியின் கை சோற்றிலிருந்து வாய்க்குப் போவதையும் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் கை நடுவழியில் நின்றது. தலையை நிமிர்த்தாமலே ஒரு உருண்டை பிடித்தாள். மேஜைக்குக் குறுக்கே நீட்டினாள்.

"அப்டிப் பாக்காதீங்கப்பா. எனக்கு வயிறு வலிக்கும்."

வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். ஆட்ட ஒரு வால் இல்லாததுதான் குறை.